நோரா வீட்டு ஒற்றைக் கம்பி

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சந்தில், பதினொரு வயது நோராவை விட வேகமாக ஓட ஆளே கிடையாது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் மட்டும் அவளுக்கு எப்போதும் கடைசிக்கு முந்தைய இடம்தான். என்ன செய்வது? அங்கே விசில்தான் ஊதுகிறார்கள். டெலிபோன் மணி அடிப்பதில்லை.

விஷயம் இதுதான். அந்தச் சந்தில் மொத்தம் பதினான்கு வீடுகள். டெலிபோன் ஒன்றே ஒன்று. அது நோரா வீட்டில் இருந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்க இன்னும் சில மாதங்கள் இருந்த காலம் அது. செல்போன் என்பது சினிமாவில் வில்லன் வைத்திருக்கும் சாமான். அதனால் சந்தில் எல்லாரும் வேலை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எல்லாவற்றிலும் நோரா வீட்டு நம்பரையே எழுதினார்கள். நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போடுவார்கள். 'இது என் போன் இல்லை, பக்கத்து வீட்டுப் போன், தயவுசெய்து என்னைக் கூப்பிட்டு விடச் சொல்லுங்கள்' என்று அதற்கு அர்த்தம்.

மணி அடிக்கும். நோரா எடுப்பாள். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க!" என்று ரிசீவரைப் படுக்க வைத்துவிட்டு ஓடுவாள். ஒரு செருப்பு காலில் இருக்கும். இன்னொன்று வழியில் எங்கேயாவது கிடக்கும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு மாப்பிள்ளை அமைந்தது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். பக்கத்து வீட்டு டெரிக் அங்கிள் அவளுக்கு 'ரேடியோ ஸ்டேஷன்' என்று பெயரே வைத்துவிட்டார்.

நோராவின் அப்பா கிளாரன்ஸ் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது அவர் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டு வந்தார். நோரா பிறந்தபோது அவளைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டு வரவில்லை என்று அம்மா லீனா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆள் வந்து, டெலிபோன் கம்பியை மோடம் என்ற கறுப்புப் பெட்டியில் செருகி, அதை டெலிபோனோடும் கம்ப்யூட்டரோடும் சேர்த்து, "ஆயிடுச்சு சார், இன்டர்நெட் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பால்காரர், பேப்பர்காரர், தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் என்று ஒருவரையும் அவர் விடவில்லை.

"நம்ம சந்துக்கு முதல் இன்டர்நெட்! நாளைக்குப் பத்தரை மணிக்குத் திறப்பு விழா. எல்லாரும் வந்துடணும்!"

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க திறப்பு விழா?" என்றாள் அம்மா.

"லீனா, இது கம்ப்யூட்டர் இல்ல. உலகம். உலகம் நம்ம வீட்டுக்கு வருது. கேக் வாங்க வேணாமா?"

உலகம் வருகிறது என்றால் கேக் வாங்கத்தானே வேண்டும்? அம்மா பர்ஸை எடுத்தாள்.

அதே சனிக்கிழமை காலை இன்னொரு விசேஷமும் இருந்தது. எதிர் வீட்டு கேரல் அக்காவுக்கு டெலிபோனில் இன்டர்வியூ.

கேரல் அக்கா ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நர்ஸ். மஸ்கட்டில் இருக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவைதான் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சந்து முழுவதும் படித்துவிட்டது. நோரா நான்கு தடவை படித்தாள்.

'சனிக்கிழமை இந்திய நேரம் பதினொரு மணியிலிருந்து உங்களைக் கூப்பிடுவோம். மூன்று முறை முயன்றும் கிடைக்காவிட்டால், பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம்.'

அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்குள் அக்காவின் தம்பி காலேஜில் சேர வேண்டும், மழைக்கு ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும். எல்லாம் அந்த ஒரு போனில்தான் இருந்தது.

"ஒரே நாள்ல ரெண்டு நல்ல காரியம்!" என்று அப்பா கையைத் தேய்த்துக்கொண்டார். "கேரல், நீ காலைலயே வந்து போன் பக்கத்துல உக்காந்துக்கோம்மா. எல்லாருமே இருப்போம். உனக்கும் தைரியமா இருக்கும்."

சந்தில் இருந்த எல்லாருக்கும் அது ரொம்ப நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே கேரல் அக்கா வந்துவிட்டார். கஞ்சி போட்ட புடவை, இழுத்து வாரிய தலை, மடித்த கைக்குட்டை.

"அக்கா, போன்ல புடவை தெரியாதே?" என்றாள் நோரா.

"அவங்களுக்குத் தெரியாது கண்ணு. எனக்குத் தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு, டெலிபோன் இருந்த முக்காலிக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்தார் அக்கா.

பத்தரைக்குள் வாசல் செருப்புகளால் நிறைந்துவிட்டது. நோராவின் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமென்றால் ஷூவைக் கழற்ற வேண்டும். வீட்டிலும் அதே சட்டம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசி வீட்டு மமதா ஆன்ட்டி சாமந்திப் பூவோடு வந்து, மானிட்டர்மேல் வைத்தார். ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். "புது சாமான் கிளாரன்ஸ். கண்ணு பட்டுடும், ஹௌதா இல்லவா?" என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் 'ஆமாவா இல்லையா' என்று முடித்தார்.

அம்மா தன் பங்குக்கு வேளாங்கண்ணித் தீர்த்தப் பாட்டிலை எடுத்து வந்தாள். அப்பா எகிறிக் குதித்து நடுவில் நின்றார்.

"லீனா! தண்ணி வேணாம்! ஷாக் அடிக்கும்!"

"தீர்த்தம் ஷாக் அடிக்குமா?"

"தீர்த்தம் அடிக்காது. கரண்ட் அடிக்கும்!"

கடைசியில் தீர்த்தத்தை மேசைக் காலில் தெளித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சிவப்பு ரிப்பனை அப்பா வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா மவுஸை மெதுவாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார்.

டிங் டிங் டிங். கீஈஈஈஈ. கர்ர்ர் புர்ர்ர். டொய்ங் டொய்ங். உஷ்ஷ்ஷ்ஷ்!

"என்னப்பா, பூனை வால மிதிச்சிட்டியா?" என்றார் டெரிக் அங்கிள்.

"அங்கிள், அதுதான் உலகம் நம்மகிட்ட பேசற சத்தம்!" என்றார் அப்பா.

"உலகத்துக்குத் தொண்டை சரியில்ல போல. மிளகு ரசம் குடு."

எதைப் பார்ப்பது என்று ஓட்டெடுப்பு நடந்தது. இமயமலை ஜெயித்தது. அப்பா ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையின் மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. பிறகு இன்னொரு நீலக் கோடு.

"இது என்ன?" என்றார் மமதா ஆன்ட்டி.

"வானம். மேலருந்து கீழ வரும். மலை பின்னால வருது."

ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்னும் வானம்தான்.

"நம்ம வாசல்ல தெரியற வானம் மாதிரியேதான் இருக்கு," என்றார் மமதா ஆன்ட்டி. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. உலகத்தின் வானத்தைத் தங்கள் சந்திலேயே உட்கார்ந்து பார்ப்பது எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. அப்பாவின் முதுகு இரண்டு அங்குலம் நிமிர்ந்துவிட்டது.

மணி பதினொன்று அடித்தது. கேரல் அக்கா கைக்குட்டையை இறுகப் பிடித்தார்.

பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. திரையில் பனி மூடிய ஒரு சிகரம் எட்டிப் பார்த்தது. "ஆஹா!" என்றது கூட்டம். கேரல் அக்கா மட்டும் மலையைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபது. போன் வாயே திறக்கவில்லை.

"வருவாங்க, வருவாங்க. பெரிய ஆஸ்பத்திரி. வேலை இருக்கும்ல?" என்று அம்மா அக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

நோராவுக்கு மட்டும் என்னவோ சரியில்லை என்று தோன்றியது. சனிக்கிழமை காலை என்றால் அவள் கால் தரையில் நிற்காது. பதினொரு மணிக்குள் குறைந்தது ஐந்து தடவையாவது ஓடியிருப்பாள். இன்றைக்கு யாருக்குமே போன் வரவில்லை. அவளுடைய இரண்டு செருப்புகளும் வாசலில் ஜோடியாகக் கிடந்தன. அப்படிக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை.

'போன் ரிப்பேரோ?'

அவள் மெல்லப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

எப்போதும் 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது இல்லை. கர்ர்ர் புர்ர்ர், உஷ்ஷ்ஷ் என்று இரைச்சல். அந்தப் பூனைச் சத்தம்! அதே நேரத்தில் திரையில் இமயமலை பாதியில் நின்றுவிட்டது.

"யாரு அது? என்ன தொட்டீங்க? நெட் கட் ஆயிடுச்சு!" என்று அப்பா திரும்பினார்.

நோரா ரிசீவரோடு நின்றாள். அவள் கண் டெலிபோனிலிருந்து மோடத்துக்குப் போயிற்று. மோடத்திலிருந்து சுவருக்குப் போயிற்று. சுவரிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் வந்தது.

"டாடி," என்றாள் மெதுவாக. "நெட்டும் போனும் ஒரே கம்பியிலயா வருது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப நெட் உள்ள இருக்கறப்ப, போன் எப்படி உள்ள வரும்?"

கேக் வெட்டிக்கொண்டிருந்த டெரிக் அங்கிளின் கத்தி அப்படியே நின்றது.

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "ஐயோ," என்றார். "அவங்க கூப்பிட்டிருப்பாங்க. எங்கேஜ்டுன்னு வந்திருக்கும்."

"மூணு தடவையும்," என்றார் கேரல் அக்கா. மடித்த கைக்குட்டை பிரிந்துவிட்டது.

பதினான்கு வீட்டு ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்து போன் வருமா வருமா என்று காத்திருந்தார்கள். அதே அறையில், அதே கம்பியில், எல்லாருமாகச் சேர்ந்து வானம் பார்த்திருக்கிறார்கள்!

"அய்யோ தேவரே!" என்று மமதா ஆன்ட்டி தலையில் கை வைத்தார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டிய ரிப்பனின் ஒரு துண்டு அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நோராவுக்கு அக்காவைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, அப்பாவைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. அழுதால் யாருக்கும் உபயோகம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அதனால் அழுகையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தாள்.

"அக்கா, லெட்டர குடுங்க. அதுல அவங்க நம்பர் இருக்குல்ல? நாமளே கூப்பிடலாம்."

"இந்தப் போன்ல வெளிநாட்டுக்குப் பேச முடியாது கண்ணு."

"மெயின் ரோட்ல டெலிபோன் பூத் இருக்கே?"

டெரிக் அங்கிள் கத்தியைப் போட்டுவிட்டு, நம்பரைக் கையில் குறித்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கேரல் அக்காவும் எழுந்தார். நோரா அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க போகாதீங்கக்கா. நீங்க போற நேரத்துல அவங்க திரும்பக் கூப்பிட்டா? அங்கிள் மட்டும் போகட்டும். டாடி, நெட்டைப் போடாதீங்க. லைன் சும்மா இருக்கட்டும்."

அப்பா தலையை ஆட்டினார். மவுஸிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

பத்து நிமிடத்தில் டெரிக் அங்கிள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "எட்டுத் தடவை அடிச்சேன். எங்கேஜ்டு, எங்கேஜ்டு! அவங்களும் ஒரே போனை வச்சுக்கிட்டுத்தான் எல்லாரையும் கூப்பிடறாங்க போல."

"அடுத்தவங்களைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க," என்றார் கேரல் அக்கா.

நோரா கடிதத்தை மறுபடி பார்த்தாள். ஐந்தாவது தடவை. அடியில், நம்பருக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆங்கில எழுத்துகள், நடுவில் ஜிலேபி மாதிரி ஒரு சுழி, மறுபடி எழுத்துகள். நான்கு தடவை படித்தபோதும் அவள் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். ஆனால் நேற்று அதே மாதிரி சுழி போட்ட ஒரு வரியை அப்பா பேப்பரில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

"டாடி! இது இமெயில் அட்ரஸ்தானே?"

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா!"

பாவம் அப்பா. நேற்று அவருக்கென்று ஓர் இமெயில் முகவரி கிடைத்ததிலிருந்து யாருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தார். இமெயில் வைத்திருக்கும் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. கடைசியில் தனக்குத்தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"இப்பவே கனெக்ட் பண்றேன்!" என்று அப்பா பாய்ந்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. என்னால ஒரு தடவை கெட்டது போதும். நான் தொடல."

"இல்ல டாடி. உங்கள விட்டா இந்தச் சந்துலயே வேற யாருக்கும் நெட் போடத் தெரியாது," என்றாள் நோரா. "ஆனா இப்ப வேணாம். நான் முதல்ல பேப்பர்ல எழுதிக்கறேன். எழுதற வரைக்கும் லைன் சும்மா இருக்கட்டும். அப்புறம் நெட்டைப் போடுங்க. அனுப்பினதும் கட் பண்ணிடுங்க."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். ஆங்கிலத்தில் அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'அன்புள்ள மேடம்,

கேரல் அக்காவுக்கு உங்கள் போன் கிடைக்காததற்கு எங்கள் வீடுதான் காரணம். அக்கா இல்லை. அவர் காலை ஒன்பது மணியிலிருந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சந்துக்கு இன்றைக்குத்தான் இன்டர்நெட் வந்தது. அது போன் கம்பியிலேயே வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் அப்பா நல்லவர். இன்டர்நெட்டில் இது அவருக்கு முதல் நாள்.

கேரல் அக்கா ஊசி போட்டால் வலிக்காது. எனக்கு இரண்டு தடவை போட்டிருக்கிறார். தயவுசெய்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம். நாங்கள் கம்பியைப் பிடுங்கிவிடுவோம். அதனால் எங்களால் படிக்க முடியாது. போன் மட்டும் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
நோரா (வயது 11)'

"ஊசி விஷயம் வேணுமா?" என்றாள் அம்மா.

"உண்மைதானே மம்மி?"

அப்பா சிலுவை போட்டுக்கொண்டு நெட்டைப் போட்டார். கீஈஈஈ, கர்ர்ர். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி போட்டார். இந்தத் தடவை யாரும் பூனை ஜோக் அடிக்கவில்லை. 'பேசு, பேசு' என்று எல்லாரும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து முணுமுணுத்தார்கள். டொய்ங் டொய்ங். உஷ்ஷ்ஷ்!

நோரா உட்கார்ந்தாள். அவளுக்கு நான்கு விரலால் தட்டத் தெரியும். பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு, அதிலும் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். அவள் முறை வரும்போதெல்லாம் அவசரமாகத் தட்டிப் பழகிய வேகம் இன்றைக்குக் கைகொடுத்தது. அப்பா பக்கத்தில் நின்று, "சுழி இருக்கா? சுழி முக்கியம்!" என்று நான்கு தடவை சொன்னார்.

அனுப்பு. மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றியது. இன்னும் சுற்றியது. 'உங்கள் கடிதம் போய்விட்டது' என்று ஒரு வரி வந்தது.

"கட் பண்ணுங்க டாடி!"

"பதில் வந்துச்சான்னு ஒரு தடவை மட்டும் பாத்துட்டு..."

"பாத்துக்கிட்டே இருந்தா பதில் வராது டாடி!"

அப்பா நெட்டை அணைத்தார். அது போதாது என்று நோரா மோடத்திலிருந்து கம்பியைப் பிடுங்கி நேராக டெலிபோனில் செருகினாள். ரிசீவரை எடுத்துக் கேட்டாள். ர்ர்ர்ர். நல்ல சத்தம்.

பிறகு காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு ஐந்து. கேக்கில் எறும்பு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ட்ரிங் ட்ரிங்!

கேரல் அக்கா பாய்ந்து எடுத்தார். "ஹலோ, குட் மார்னிங் மேடம்..." அவர் முகம் விழுந்தது. ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "டெரிக் அங்கிள், உங்க சீட்டாட்ட ஃப்ரெண்டு."

"நான் வீட்ல இல்லன்னு சொல்லு! ஊர்லயே இல்லன்னு சொல்லு!"

நோரா ரிசீவரை வாங்கினாள். "அங்கிள் இங்கதான் இருக்கார். ஆனா இன்னைக்குப் பேச மாட்டார். நீங்களும் இன்னைக்குக் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்," என்று சொல்லி வைத்தாள்.

பன்னிரண்டு பதினைந்து.

"பரவாயில்ல நோரா," என்றார் கேரல் அக்கா. "நீ எழுதினதே பெரிசு. ரெண்டு வருஷம்தானே..."

ட்ரிங் ட்ரிங்!

இந்தத் தடவை அக்கா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். "ஹலோ... எஸ், மேடம். கேரல் ஸ்பீக்கிங், மேடம்."

அவ்வளவு பேரும் எப்படி இரண்டு நொடியில் சத்தமில்லாமல் வெளியே போனார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. யார் செருப்பை யார் போட்டார்கள் என்றும் தெரியாது. அம்மா ஓடிப்போய், விசிலடிக்கத் தயாராக இருந்த குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினாள். "சொப்பு, சொப்போ!" என்று கீரைக்காரர் தள்ளுவண்டியோடு சந்துக்குள் நுழைந்தார். மமதா ஆன்ட்டி எதிரே போய் நின்று, வாயில் விரல் வைத்து, அவரிடமிருந்த அத்தனை பாலக் கீரையையும் சத்தம் போடாமல் வாங்கிவிட்டார். டெரிக் அங்கிளுக்குத் தும்மல் வந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சிவந்துபோய் நின்றார்.

ஜன்னல் வழியாக அக்காவின் குரல் மட்டும் கேட்டது. முதலில் நடுங்கியது. காய்ச்சலைப் பற்றி, தீக்காயத்தைப் பற்றி, ராத்திரி டியூட்டியைப் பற்றி அவர் பேசப் பேச அது நிமிர்ந்துகொண்டே வந்தது. தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லும்போது ஒருவருக்கு வரும் குரல் அது.

இருபது நிமிடம் கழித்து ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. கேரல் அக்கா வாசலுக்கு வந்தார். கஞ்சிப் புடவை கசங்கவே இல்லை. கண் மட்டும் நனைந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றார்கள் பதினான்கு வீட்டுக்காரர்களும்.

"கடைசியா, 'அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி வேலைல சேர முடியுமா?'ன்னு கேட்டாங்க."

டெரிக் அங்கிள் அதுவரை அடக்கிவைத்திருந்த தும்மலை விட்டார். காகங்கள் பறந்தன. அதற்கப்புறம் யார் கத்தினார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கீரைக்காரரையும் யாரோ கட்டிக்கொண்டார்கள்.

"இன்னொன்னும் சொன்னாங்க," என்றார் கேரல் அக்கா, சத்தம் கொஞ்சம் அடங்கியதும். "'உனக்கு ஊசி போட்டது சரியான ஆளுதான்'னு அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட சொல்லுன்னாங்க. உன் இமெயில பிரிண்ட் எடுத்து அங்க சுவர்ல ஒட்டப் போறாங்களாம், நோரா."

அப்பா நோராவைப் பார்த்தார். காலையில் வானம் இறங்கியபோது இருந்த பெருமையை விட இப்போது அவர் முகத்தில் இருந்த பெருமை பெரிது. அதுவும் ஒரே நொடியில் முழுசாக வந்துவிட்டது, அந்த வானம் மாதிரி கோடு கோடாக இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று தொண்டையைச் செருமினார். "நம்ம சந்துலருந்து உலகத்துக்குப் போன முதல் இமெயில், என் பொண்ணு எழுதினது. வயசு பதினொண்ணு!" அடுத்த ஒரு வாரத்தில் பால்காரர், பேப்பர்காரர், இஸ்திரிக் கடைக்காரர் எல்லாருக்கும் இந்தச் செய்தி தலைக்கு மூன்று தடவை கிடைத்தது.

எறும்பு தட்டிய கேக்கை எல்லாரும் சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டு. அப்பா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மவுஸைத் தொடவில்லை. பக்கவாட்டில் நோராவைப் பார்த்தார்.

"அந்த மலை பாதியில நின்னுடுச்சு," என்றார். "போடட்டுமா?"

"இருங்க டாடி. கேட்டுட்டு வரேன்."

நோரா வாசலுக்குப் போனாள். இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, சந்து முழுவதும் கேட்கும்படி கத்தினாள்:

"நெட் போடப் போறோம்! யாருக்காவது போன் வரணுமா?"

"இல்ல!" என்றது முதல் வீடு.

"இல்லம்மா, போடு!" என்றது அடுத்த வீடு. கதவு கதவாக, ஜன்னல் ஜன்னலாகப் பதில் வந்தது. கடைசி வீட்டிலிருந்து மமதா ஆன்ட்டி மட்டும் தலையை நீட்டினார். இரண்டு கையிலும் பாலக்.

"அஞ்சு நிமிஷம் இரு நோரா! மைசூர்லருந்து தங்கச்சி பேசறேன்னிருக்கா!"

"சரி ஆன்ட்டி!"

அந்த ஐந்து நிமிடமும் உலகம் முழுவதும் நோரா வீட்டு வாசலில் அடக்கமாகக் காத்து நின்றது.